கிளை பிரியாத ஒன்று

"கிளை பிரியாத ஒண்ணு குடுங்க" என்றாள்.

காரைக்குடி, கழனிவாசல் முக்கில் என் கடை.
கையில் வைத்து ஆடும் கேம் கருவிகள்,
பழையதை வாங்கி விற்பது,
தேய்ந்த பட்டனுக்கு ரப்பர் மாற்றுவது.
வருகிற பையன்கள் பெரிய மேப் கேட்பார்கள்,
நூறு மணி நேரம், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதை.

சொர்ணவல்லி தேவகோட்டையில் வக்கீல் குமாஸ்தா.
ஒரே வீட்டுக்கு அறுபத்திரண்டு பங்காளி,
பாகப்பிரிவினை, இருபத்தோராம் வருஷம்.
இரண்டாம் பிரதிவாதி இறந்தால்
அவர் இடத்தில் நால்வர்,
நால்வரில் ஒருத்தி ஈப்போவில்,
ஒருவர் சுவீகாரம் போனவர்,
போனவருக்குப் பங்குண்டா என்று தனியாக ஒரு மனு.
வம்சாவளியை நாலு தாள் ஒட்டி எழுதுகிறாளாம்.
"ஓரம் பத்தல சார்."

ஆகவே பஸ்ஸில் அந்த நாற்பது நிமிஷம்
இதுவா அதுவா என்று
அவளை யாரும் கேட்கக் கூடாது.

நான் எடுத்துப் போட்டேன்.
இது ஒரு அஞ்சல்காரி, உறைந்த ஆறு, ஒரு கடிதம்.
எட்டு மணி நேரத்தில் முடியும்.
சண்டை உண்டு. தோற்றால்
விழுந்த இடத்திலேயே எழுப்பி விடும், திட்டாது.
இதை வாங்காதீர்கள், அட்டைதான் அழகு,
மூன்றாம் அத்தியாயத்தில்
நண்பனைக் காப்பாற்றவா ஊரைக் காப்பாற்றவா என்று
கழுத்தைப் பிடிக்கும்.
இது சுரங்க ரயில், அண்ணன் தங்கை.
தண்டவாளம்தான் கதை. ஆனால் எழுத்து பொடி,
ரஸ்தா தாண்டுவதற்குள் கண் வலித்துவிடும்.

எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்,
வாய்தா போட்ட மாதிரி, என்றேன்.
சிரிக்கவில்லை.

கடைசியாக இது.
விளக்கோடு ஒருவன் ஒரு மாளிகையில்
முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுவான்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான். ஐந்து மணி நேரம்.
ஒன்பதாவது கதவு வந்தபோது
நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

அதை எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து வந்தாள்.
பிடித்ததா என்று கேட்டதற்கு
வேறு எதையோ சொன்னாள்:
"போன செவ்வாக்கிழமை கமிஷனரோட
அந்த வீட்டை அளக்கப் போனோம்.
டேப்போட ஒரு நுனி என் கையில.
தெருவாசல்ல நின்னா
பின்தெருவுல போற சைக்கிள் தெரியுது சார்.
எட்டு நிலை, ஒரே கோடு.
நேரா நடந்தா அது ஒரு வீடு.
பக்கவாட்டுல பாத்தாத்தான் இருபத்தாறு பூட்டு."

பிறகு கருவியை மேசையில் வைத்தாள்.
"உங்க ஆளு நடக்குற மண்டபத்துலயும்
ரெண்டு பக்கமும் கதவுக இருக்குல்ல."

அது வெறும் படம், என்றேன்.
வரைந்து விட்டிருக்கிறார்கள், திறக்காது.
பின்னால் அறையே கிடையாது.

"தெரியும். எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தேன்.
நாப்பத்தொண்ணு.
ஒரு பிரதிவாதியும் இல்லாத கதவுக.
ஆனா ஒவ்வொண்ணுலயும் அவன்
ஒரு செகண்டு கைய வச்சு எடுக்குறான்.
ஒண்ணுமே இல்லேன்னா
அதை எதுக்கு சார் செஞ்சு வச்சாங்க?"

பதினோரு பேருக்கு நான் சிபாரிசு செய்த ஆட்டம்.
இரண்டு தடவை முடித்திருக்கிறேன்.
நேராகப் போ என்றது, போனேன்.

அஞ்சல்காரியைக் கொடுத்தேன்.
பழையதைக் கழித்து முந்நூறு ரூபாய்.
ஆற்றில் கிளை உண்டா என்று கேட்டாள்.
உறைந்திருக்கிறது, என்றேன். அதற்குச் சிரித்தாள்.

மதியம் கடையில் ஆள் இல்லை.
மின்விசிறி மட்டும் ஒரு பக்கமாய் ஆடிக்கொண்டிருந்தது.
அவள் திருப்பித் தந்ததைச் செருகி
விளக்கோடு அவனை முன்வாசலில் நிறுத்தினேன்.
கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
இடப்பக்கம் திருப்பினேன்.