ஏழாம் பாகம், பக்கம் 311

பன்சோடான் தெருவில் அவர் புத்தகங்கள் எல்லாமே
ஜெராக்ஸ்தான். அட்டை மட்டும் வழவழப்பு.
உள்ளே நடுமடிப்பில் ஒரு கறுப்பு நிழல்
வரிக்கு இரண்டு எழுத்தாவது தின்றிருக்கும்.
ஊகித்து ஊகித்தே
பதினொரு பாகமும் சேர்த்துவிட்டேன்.

ஏழாவதில்தான் வம்பு.
கிழட்டு டிராகனின் மெய்ப்பெயர்
கதையில் ஒரே ஒரு தடவை வரும்;
சொன்னால் மலை திறக்கும்.
அதைப் போய் வரியின் தொடக்கத்தில்
அச்சடித்திருக்கிறார்கள், பாவிகள்.
மிச்சம் இருந்தது ‘…வேன்’.

ஞானவேலு ‘தருவேன்’ என்றான், கடன்காரன்.
தமிழ் தெரியாத சோ மின் ‘கோவேன்’.
நான் ‘வருவேன்’ என்று வைத்தேன்.
கரண்ட் இல்லாத இரவுகளில்
ஐந்து மாடியும் அதைச் சொல்லித்தான் ஏறுவது.
கதவு திறக்கும்; அம்மாதான் திறப்பாள், அது வேறு.

போன மாதம்
சோ மின் வீட்டார் சாமான்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.
தெருவோரக் கடையில் ஏழாவது, அசல், கெட்டி அட்டை,
நாற்பதாயிரம் கியாட். எங்கே வாங்கினான்,
ஏன் எங்களிடம் காட்டவில்லை?

நின்றபடியே 311ஐப் புரட்டினேன்.
‘ஓல்வேன்.’
அவ்வளவுதான். மீன்முள் மாதிரி ஒரு பெயர்.

பேரம் பேசவில்லை.
வீட்டுக்கு வந்து பென்சிலைச் சீவி
அசலைத் திருத்தினேன்.