பத்தொன்பதாம் சேனல்

மூன்று மாதமாய் எல்லாரும் பேசுவது கேட்கிறது:
எல்க் மலையில் பனிக்காற்று,
லாரமியில் எடைமேடை திறந்தாச்சு,
"ஏ நீல வண்டி, உன் பின்விளக்கு எரியலை."
வெர்னா கோல்ஸ்டட் பொத்தானை அழுத்திப் பேசினால் மட்டும்
ஒருவரும் மறுமொழி சொல்வதில்லை.

ராலின்ஸ் டீசல் பங்கில் ஓரங்கட்டினாள்.
ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது.
மைக்கின் சுருள் வயரை முறுக்கிப் பார்த்தாள், பழுதில்லை.
இடையில் மீட்டரை மாட்டினாள்.
ஒன்றாம் சேனலில் முள் சிவப்பில்.
நாற்பதிலும் அதே சிவப்பு.
அனுப்புவதில் பாதி
போன வழியே திரும்பி வருகிறது.

ஆன்டெனாவை வைது என்ன?
கண்ணாடிக் கம்பியில் அது உட்காரும் இடத்தில்
அக்டோபரில் அவளே அடித்த பெயின்ட்,
அழகுக்காக,
இரண்டு கோட்.

கையுறையைக் கழற்றி, விரல் விறைக்க,
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டினாள்
காசளவு வெற்று இரும்பு தெரியும்வரை.
போல்ட்டை முடுக்கினாள். முள் படுத்தது.

"பத்தொன்பதில் யாராச்சும் இருக்கீங்களா?"

கரகரப்பு. பிறகு, பக்கத்திலேயே:
"அட, நீல வண்டி! உனக்கு வாய் உண்டா?
அன்னிக்கு விளக்கு எரியலைன்னு சொன்னேன்,
ஒரு வார்த்தை பேசலையே நீ."

விளக்கை அன்றிரவே மாற்றியிருந்தாள்.
அன்றிரவே சொன்ன நன்றியை
மறுபடி சொல்ல
பொத்தானை அழுத்தினாள்.