தேதி பின்னர்

சோகார் முகாமில் அந்த வெள்ளிக்கிழமை
தூக்கிய கைகள் இருநூற்றுப் பதினொன்று.
இனி மெஸ் தலைவரைக் கம்பெனி நியமிக்காது,
நாமே ஓட்டுப் போடுவோம்.
சவரிராயன் இரண்டு தரம் எண்ணினான்.

மறுநாளே நோட்டீஸ்:
முடிவு ஏற்கப்பட்டது. தேதி பின்னர்.

பின்னர் என்றால்
இரண்டு நோன்பு, ஒரு புயல்,
பிச்சைக்கனியின் விசா ரத்து.
தூக்கிய கைகளில் பாதி
இப்போது கத்தாரில் கம்பி கட்டுகின்றன.
புதுப் பையன் கேட்கிறான்:
அந்த முடிவு எனக்கும் சேர்த்தா அண்ணே?

பெட்டிக்கென்று மூடியைக் கீறி வைத்த
பால்பவுடர் டின்
அடுக்களையில்தான் இருக்கிறது.
நியமனத் தலைவர் கல்லுப்பு கொட்டி வைத்திருக்கிறார்.
கடல்காற்றுக்குக் கட்டிதட்டிப் போய்,
கவிழ்த்து நாலு தட்டு தட்டினால்
கீறல் வழியே கொஞ்சம் விழும்.

சவரி எண்ணுவான்,
விளையாட்டுக்கு.