பதினான்காம் கேள்வி

ஜெலுத்தோங்கில், டயர் கடைக்கு மேல் மாடி.
கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போதெல்லாம்
மேலே எங்கள் மேசை ஒரு துள்ளு துள்ளும்.
வாடகை எழுநூறு ரிங்கிட்.
இரண்டு மாதப் பாக்கியை
மறந்ததுபோல் நடிக்கிறார் சீனத் தவுக்கே;
அவர் கைப்பேசியில் ஒளிந்திருந்த திருட்டுச் செயலியைப்
போன வருஷம் பூன் கியாட் பிடுங்கிப் போட்டான்.

மானியப் படிவம் முப்பத்தொரு பக்கம்.
நள்ளிரவில் மூடும்.
ஜெனிவாவின் நள்ளிரவு.
பினாங்கில் அது காலை ஆறு,
ரொட்டிச் சானாய் மாவு கல்லில் விழும் நேரம்.

கேள்வி பதினான்கு:
உங்கள் பணியின் விளைவை எண்ணிக்கையில் தருக.
இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.

விளைவு.
மார்ச் பதினோராம் தேதி
ஆயர் ஈத்தாம் டயாலிசிஸ் மையத்தில்
எதுவும் நடக்கவில்லை.
பன்னிரண்டு இயந்திரங்களும் சுற்றின.
தாதி குமுதவல்லி அழுத்தம் பார்த்துக் குறித்தாள்.
தொலைக்காட்சிச் சத்தம் போதவில்லை என்று
நாலாம் கட்டில் சண்டை பிடித்தது.
முந்திய இரவுதான்
எங்கிருந்தோ ஒருவன்
அத்தனை கோப்புகளையும் பூட்டிவிட்டு
பிட்காயினில் விலை சொல்லியிருந்தான்.
மைலோ டின்னுக்குள் சுஹைலா வைத்திருந்த பிரதியை
விடிவதற்குள் ஏற்றி முடித்தோம்.

எண்ணிக்கைக் கட்டத்தில்
பூஜ்யம் என்று எழுதினேன்.
பார்க்க நன்றாக இல்லை. அழித்தேன்.

கேள்வி பதினேழு:
பயனாளியின் பெயர், முகவரி, புகைப்படம்
(சிரித்த முகம் விரும்பத்தக்கது).

பிள்ளையின் விளையாட்டு டேப்லட் வழியாகக்
கணவன் தேடி வந்துகொண்டிருந்த ஒருத்தி
இப்போது எந்தத் தெருவில் தூங்குகிறாள் என்பதை
இங்கே எழுதினால்
அப்புறம் நாங்கள் எதற்கு?

கருவி வாங்கலாம், தாராளமாக.
சம்பளம் மட்டும் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது.
பகலெல்லாம் கிராப் ஓட்டிவிட்டு வந்த பூன் கியாட்
மலாயில் கேட்டான்,
ஃபயர்வால் சோறு தின்னுமா என்று.
சுஹைலா சிரித்ததில் கோப்பி கொட்டி
பட்ஜெட் பக்கம் நனைந்தது.
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
பதினான்கில் என்ன எழுதினேன் என்று
இப்போது நினைவில்லை.
ஏதோ ஒரு எண். பெரியதாக.

ஏழு வாரம் கழித்து,
இன்று காலை ஒரு மின்னஞ்சல்:
வாழ்த்துகள், அன்புள்ள திரு. தில்லைவாணி.
மானியம் உறுதி.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
கீழுள்ள இணைப்பைச் சொடுக்கி
வங்கி விவரம் தருக.

என்னைத் திரு. என்கிறார்கள்.

மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.
ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.
குமுதவல்லியின் மேசையில்
நாங்களே அச்சடித்து ஒட்டிய தாள் இருக்கிறது:
அவசரப்படுத்தும் நல்ல செய்தியை நம்பாதே.

அனுப்பிய முகவரியைப் பூன் கியாட்
எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்தான்,
எங்காவது ஓ இருக்கவேண்டிய இடத்தில்
சுழியம் உட்கார்ந்திருக்கிறதா என்று.
அஞ்சல் வந்த வழியைச் சுஹைலா
பின்னோக்கி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.
எல்லாம் சரியாக இருக்கிறது.
அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

ஜெனிவாவில் கதவு திறக்க
இங்கே மதியம் மூன்று.
தொலைபேசி எண்ணைப் பழைய கடிதத்திலிருந்து
எடுத்து வைத்திருக்கிறேன்,
இந்தக் கடிதத்திலிருந்து அல்ல.
இப்போது மணி பத்தே கால்.

கீழே காற்றடிக்கிறார்கள்.
மேசை துள்ளுகிறது,
இணைப்பின் மேல் கிடந்த சுட்டியைத்
தள்ளி வைக்கிறேன்.

படியில் தவுக்கேயின் செருப்புச் சத்தம்.
நல்ல செய்தி ஏதும் உண்டா என்பார்.
மூன்று மணிக்குச் சொல்கிறேன் என்பேன்.