ஒரு பிரதி

நெடுஞ்சாலையை ஒட்டிய கொட்டகை எங்களுடையது.
வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து இரவுப் பேருந்தில் கடைசி நிறுத்தம்.
ஆயிரம் பிரதி, ஐயாயிரம் பிரதி
என்ற பேச்சே இங்கே கிடையாது.
யாரோ எங்கோ பொத்தானை அழுத்தினால்
ஒன்றே ஒன்று பிறக்கும்.
பசையின் சூடு ஆறுவதற்குள்
உறையில் போட்டு ஒட்டிவிடுவோம்.

எதையும் வாசிக்கக் கூடாது என்பது விதி.
வாசிக்க நேரமும் இல்லை.
அட்டை கண்ணில் படத்தானே செய்யும்?
கடன் கொடுத்தவரிடம் பேசுவது எப்படி.
தேனீ வளர்ப்பு, திருத்திய பதிப்பு.
லூப்ளினில் ஒருவர்
தானே கவிதை எழுதி, தானே அட்டை வரைந்து,
மாதம் ஒன்று தானே வாங்கிக்கொள்கிறார்.
அவருக்கு மட்டும் ஓரங்களைக்
கொஞ்சம் பார்த்து வெட்டுவேன்.

பிப்ரவரியில், விடிந்தால் புதன்,
இரண்டேகால் மணிக்கு அது வந்தது:
நடுங்கும் கைகளோடு முதல் ஆண்டு.
நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம், பளபளப்பில்லாத அட்டை.
சீட்டில் பெயர்: இரெனெயுஸ் வவ்ஷின்.
வீட்டு முகவரி இல்லை.
மூன்று நிறுத்தம் தள்ளி ஒரு பார்சல் பெட்டி.

எங்கள் மேற்பார்வையாளர்.
அந்த நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டு நின்றார்.
குளிருக்கு என்று நினைத்திருந்தேன்,
மூன்று மாதமாக.

ஊர்க் கடையில் கேட்டால் கல்லாவில் இருப்பவளுக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரிந்தால்
ஞாயிறு பூசைக்குள் கோயில் முழுக்கத் தெரியும்.
அதனால்தான் காதும் காதும் வைத்ததுபோல் இணையத்தில்.
யார் அச்சடிப்பார்கள் என்று
அங்கே எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
வாங்குபவருக்கு எந்த இயந்திரம் பக்கமோ
அதற்கு அனுப்பு என்று ஏதோ ஒரு கணக்கு.
பக்கம்தான்.
இருபது அடி.

ஐம்பதுக்கு ஒன்றை அவர் எடுத்துப் பார்ப்பார்.
அது சரியாக ஐம்பதாவதாக வந்து நின்றது.
தேனீயை அங்கே நகர்த்தினேன்.
வளைத்துப் பார்த்தார், முகர்ந்தார்,
"பசை பரவாயில்லை, ஒத்திலியா" என்றார்.

கடைசிப் பக்கத்தின் அடியில்
அச்சான ஊரும் நாளும் பொடி எழுத்தில் தானாக விழும்.
அதை மட்டும் என்னால் அழிக்க முடியாது.
முப்பது வருடம் அச்சில் கிடந்தவர்,
எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறப்பார்.

இடைவேளையில் அந்த நோயின் பெயரைத்
தேடினேன், ஒரே ஒரு முறை.
காலைப் பேருந்தில் கைப்பேசி
எடை கூட்டிய கரண்டி காட்டியது.
மதியம், சிந்தாத கோப்பை.
மாலை, இவற்றை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்.
வீட்டுக் கணினியில் என் மகன் திமொன்
அதே கரண்டியைப் பார்த்துவிட்டு
அடுப்படிக்கு வந்து நின்றான்.
"அம்மா, உனக்கு என்ன?"

கையை நீட்டிக் காட்டினேன்.
அசையவில்லை. அவன் நம்பவில்லை.
"அப்படியானால் ஏன் தேடினாய்?"
வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.
தேடியவள் நான் என்று கடைக்குத் தெரியும்.
யாருக்காக என்று தெரியாது.
அந்த ஒன்றை மகனுக்கும் கொடுக்கவில்லை.
அன்று இரவு இரண்டு முறை எழுந்து வந்து
என் கதவருகே நின்றான்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர்
வரிசை நெடுகப் பையெழுத்துப் பலகையோடு வந்தார்.
ஒவ்வொரு முகத்திலும்
வழக்கத்தைவிட ஒரு மூச்சு நேரம் அதிகம்.
மாரெக்கிடம். புதிதாகச் சேர்ந்த உக்ரைன் பெண்ணிடம்.
என்னிடம்.

என் மேசையில் பலகையை வைத்தார்.
பேனா தாளைத் தொடும் முன்பே தந்தியடித்தது.
நான் பலகையின் அடியை
இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தேன்,
காற்றுக்குப் பிடிப்பதுபோல.
கொட்டகைக்குள் ஏது காற்று.
கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது,
ஆனால் கட்டத்துக்குள்.

"அடுத்து என்ன?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"தேனீதான். இன்னொன்று."