தூரமோ

முதல் நாள் பிரிசில்லா அக்கா
வெண்பலகையைத் துடைத்துவிட்டுக் கேட்டா:
"சிங்களத்தில உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?
வெக்கப்படாமச் சொல்லுங்கோ."

மாங்குளம். தண்டவாளத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
பதினொரு பேர். ஒரு மின்விசிறி,
அதுவும் ரூத்தின் பக்கம்தான் திரும்பும்.

நவத்தன்ன, என்றான் கருணைராசா.
நில்.
பஹின்ன. இறங்கு.
அத் உஸ்ஸன்ன.
இதற்கு ஒருவரும் பொருள் சொல்லவில்லை.
பின்வாங்கில் இரண்டு பேர்
சிரித்தபடி கைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.
நான் சொன்னது, கொஹெத யன்னே.
எங்கே போகிறாய்.

பலகை நிறைந்தது. அக்கா அழிக்கவில்லை.
"உச்சரிப்புத் திறம்" என்றா.
கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தா.

ஆறு கிழமை.
பன்சலை வாசலில் செருப்பை எங்கே விடுவது,
பிக்கு இருக்கும்போது எதில் இருக்கக்கூடாது,
கொடுத்த வெற்றிலையை எப்படி வாங்குவது.
கொண்டுபோகும் நற்செய்திக்கு முன்
கொடுப்பதை உண்ணப் பழகுங்கோ, என்றா.

சாட்சியை மூன்று நிமிடத்தில் மனப்பாடம் செய்யவேண்டும்.
என் சாட்சி இரண்டாயிரத்து ஒன்பதில் தொடங்கும்.
அந்த ஆண்டைச் சிங்களத்தில் சொல்ல
நாக்கு மடியவில்லை.
"அதை விட்டிட்டுச் சொல்லுமன்" என்றான் கருணைராசா.
அதை விட்டால் ஆமென் மட்டும்தான் மிச்சம்.

இன்னொரு நாள் அக்கா பலகையைத் தட்டினா.
"கொஹெத யன்னே.
இது சனம் வேலிக்கு மேலால் கேட்கிற சுகவிசாரிப்பு.
பதில் முக்கியமில்லை. சிரிச்சாலே காணும்."
எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கமாட்டோம்,
போன காரியம் கெட்டுவிடும்.
தூரமோ, என்போம்.
அதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.
அக்காவுக்கும் தெரியவில்லை.

பயிற்சிக்காக ஒரு சனிக்கிழமை
ஈரற்பெரியகுளம் தாண்டி இறக்கிவிட்டார்கள்.
ஆளுக்கொரு ஒழுங்கை.
முன்பு வரிசையில் நின்ற இடத்தை
பஸ் நிற்காமலே கடந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.
ஏன் என்று இன்னும் தெரியாது.

குழாயடியில் பானை கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி
நிமிர்ந்து பார்த்தா.
"கொஹெத யன்னே, புத்தே?"

புத்தே என்றால் மகனே. அது எனக்குத் தெரியும்.
ஆனால் கை அதற்குமுன் சட்டைப்பைக்குள் போய்விட்டது.
அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.
அந்த மனுசியும், பாவம்,
நீட்டியதை வாங்கிவிட்டா.

"அனே" என்றா.
யோவேல் என்ற என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தா.
பிறகு ஈரவிரல் பிறந்த ஆண்டில் போய் நின்றது,
நெடுநேரம்.

இந்தகன்ன. இரு.
பொன்ன. குடி.
நவத்தன்னவுக்கும் இவைக்கும் ஒரே வால்தான்
என்பதை அப்போதுதான் கேட்டேன்.
வெறுந்தேத்தண்ணி, கடிக்கக் கருப்பட்டி.
சுவரில் தொப்பி போட்ட ஒரு பொடியனின் படம்,
கீழே சின்னச் சிவப்பு மின்குமிழ்.
அவ கதைத்தா. பத்தில் ஒன்று விளங்கியது.
மூன்று நிமிடச் சாட்சி
கருப்பட்டியோடு கரைந்து உள்ளே போனது.

அறிக்கைத் தாளில் கேட்டிருந்தார்கள்:
எத்தனை பேரைச் சந்தித்தீர்? ஒன்று.
எத்தனை பேருக்கு அறிவித்தீர்?
பூச்சியம் போட்டேன். அழித்தேன். திரும்பப் போட்டேன்.
அக்கா வாசித்துவிட்டு
"அழிச்ச தடம் தெரியுது, இருக்கட்டும்" என்றா.

தை மாதம் நிரந்தரமாய்ப் போகிறேன்,
அதே ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி.
அம்மா படலை வரைக்கும் வந்தா.
எங்கே என்று அவவுக்கு நன்றாகத் தெரியும்.
ஆனாலும், "தூரமோ?" என்றா.

இல்லையம்மா, ஒன்றரை மணித்தியாலம்.

அவ ஒன்றும் சொல்லவில்லை.
என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தா,
அட்டை இருக்கிறதா என்று.