அட்டவணை நான்கு

பேராசிரியர் சிகப்பியின் கையெழுத்து
மழைக்கு முன் ஓடும் எறும்பு வரிசை.
வியாழன்தோறும் தேவகோட்டை பஸ்ஸில் வந்து
செக்காலை ரோட்டில் இறங்குவார்,
கக்கத்தில் குடை, பையில் இருபது தாள்.
இங்கிலீஷ் எனக்கு விரலில் உண்டு,
நாக்கில் கிடையாது.
தட்டி முடித்து இரண்டு பாரா தாண்டித்தான்
பொருள் வந்து சேரும்,
மத்தியானம் வரும் காலை பஸ் மாதிரி.

விக்டோரியா ராணி காலத்து நாவல்களாம்.
நாவலுக்குள்ளே நாவல் எழுதும் பெண்களாம்.
தையல் கூடைக்கு அடியில் தாள் ஒளிப்பவள்,
பால் பொங்கும்வரை மட்டும் எழுதுகிறவள்,
தம்பியின் கடனுக்காக
வாரம் ஒரு அத்தியாயம் விற்கிறவள்.
எல்லோரையும் கட்டம் போட்டு நிறுத்தி
கடைசிப் பத்தியில் கேட்கிறார் மேடம்:
பேனாவுக்கு என்ன ஆயிற்று?

கல்யாணம்.
கல்யாணம்.
காய்ச்சலில் சாவு.
கல்யாணம்.
அடுப்பில் தாள்.
கல்யாணம்.
ஆறாவதற்கு மேல் நான் தட்டவில்லை,
காப்பி எடுத்து ஒட்டினேன்.

அடுப்பில்தான் கை நின்றது.
"தானே எரிச்சாளா மேடம்?"
"தானேதான்."
"இருநூறு பக்கத்தையுமா?
பாதியிலே வேற வேலை ஞாபகம் வரலையா அவளுக்கு?"
பதில் வருவதற்குள் கரண்ட் போனது.

கரண்ட் போனால் தெரு கடைக்குள் வந்துவிடும்.
கல்லுக்கட்டிப் பக்கம் போகிற பூக்கூடை,
லோடு ஆட்டோ,
எதிர் வீட்டு மாடி விளிம்பில்
லட்சுமிக்கு இரண்டு பொம்மை தள்ளி
சுதையில் உட்கார்ந்திருக்கும் அதே ராணி.
செங்கோல் உடைந்து
உள்கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.
பேனா என்று சொன்னால் பேனாதான்.

தாளால் விசிறிக்கொண்டே
பெயர்ப்பலகையைப் பார்த்தார் மேடம்.
"செல்லையா டி.டி.பி. யாருங்க செல்லையா?"
"மாமனார். போய் ஆறு வருஷம்.
கீபோர்டைத் தொட்டதே இல்லை.
இன்னமும் வர்றவங்க
'ஐயா இல்லையா'ன்னு கேட்டுட்டுத்தான் உட்காருவாங்க."

அப்படி ஒரு சிரிப்பை
எங்கள் ஜெராக்ஸ் மெஷின் கேட்டதில்லை.
"ஆம்பளைப் பேர்ல எழுதினவங்களுக்கு
மூணாவது அத்தியாயம் முழுக்க ஒதுக்கியிருக்கேன்.
உங்களை விட்டுட்டேனே, செல்லையா!"
அன்றிலிருந்து அவருக்கு நான் செல்லையா.
போனிலும்.

மார்கழியில் திரும்பி வந்தது பிரதி.
மதுரையிலிருந்து யாரோ
சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
அட்டவணை நான்கு, வரிசை இருபத்திமூன்று,
கடைசிக் கட்டம் ஏன் காலி?

அவள் ஒரு அத்தை. பெயர்கூட இல்லை.
ஒன்பதாம் அத்தியாயத்தில்
மெழுகுத்திரியைக் கிட்ட இழுத்து வைத்து
மாடியறையில் எழுத உட்காருகிறாள்.
விருந்து, விபத்து, உயில் என்று
கதை கீழ்த்தளத்திலேயே ஓடிவிடுகிறது.
எழுநூறு பக்கம் முடிந்தும்
அவளைச் சாப்பிடக்கூட யாரும் கூப்பிடவில்லை.
எழுதியவருக்கே மறந்துபோனது.

"சின்னக் கோடு போட்டுடவா மேடம்?
இல்லே, தகவல் இல்லைன்னு?"

சிகப்பி மேடம் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.
பிறகு மவுஸை என் கையிலிருந்து வாங்கி
அந்த ஒரு கட்டத்தை மட்டும்
கொஞ்சம் அகலமாக இழுத்துவிட்டார்.